மரண வேளையில் நாம் தனியர் அல்லர்

நோயுற்றோரைச் சந்திக்க ஒரு வீட்டிற்குச் செல்கிறோம். வாசற்படியில் கால் வைக்கும் முன்னரே மகனோ மருமகளோ விரைந்து வந்து, நம்மை ஒதுக்குப்புறமாக அழைத்துத் தாழ்ந்த குரலில், "சாமி, அப்பாவுக்கு என்ன நோய் என்று நாங்கள் சொல்லவில்லை. நீங்களும் ஒன்றும் காட்டிக்கொள்ள வேண்டாம்" என்கிறார்கள். உள்ளே சென்று அமர்ந்தால், மற்றவர் விலகிய நேரம் பார்த்து நோயாளி நம் கையைப் பற்றிக்கொள்கிறார். "சாமி, எனக்கு எல்லாம் தெரியும். பிள்ளைகள் தாங்கமாட்டார்கள். அவர்களிடம் சொல்லிவிடாதீர்கள்" என்கிறார்.

பங்குப் பணியில் இத்தகைய நிலையை நாம் பலமுறை சந்தித்திருக்கிறோம். வீடு நிறைய உறவினர். கட்டிலருகே மருந்தும் பழங்களும். ஆயினும் நோயாளி தனியராய்க் கிடக்கிறார். அவருக்கும் அவருடைய மக்களுக்கும் நடுவே ஒரு சுவர் எழுந்து நிற்கிறது. இரு புறத்தாரும் அன்பின் பெயராலேயே அதை எழுப்பினர். ஆனால் உண்மையில் அதை எழுப்பியது மரண அச்சம்.

இவ்வச்சத்தை வெல்ல நமது விசுவாசம் என்ன வழி காட்டுகிறது? அவ்வழியில் நம் குடும்பங்கள் எவ்வாறு நடக்கலாம்? இவற்றை இத்திங்கள் சற்று ஆழ்ந்து சிந்திப்போம்.

அஞ்சுவது பாவமா?

விசுவாசம் உள்ளவர் சாவுக்கு அஞ்சலாமா எனச் சிலர் கேட்பதுண்டு. இதைக் கேட்ட நோயாளி, 'எனக்குப் பயமாக இருக்கிறதே, என் விசுவாசம் குறைந்துபோயிற்றோ' என்று மேலும் கலங்குகிறார். இக்கலக்கம் தேவையற்றது. சாவைக் கடவுள் உண்டாக்கவில்லை என்று விவிலியத்தின் ஞான நூல் போதிக்கிறது. வாழ்வுக்கெனப் படைக்கப்பட்ட மனிதன் சாவைக் கண்டு பின்வாங்குவது இயல்பே.

நம் ஆண்டவரைப் பார்ப்போம். பெத்தானியாவில் தம் நண்பர் இலாசரின் சாவுக்காகக் கண்ணீர் வடித்தார். அவரைச் சற்று நேரத்தில் உயிர்ப்பிக்கப் போவதை அறிந்திருந்தும் அழுதார். தம் பாடுகளுக்கு முந்திய இரவில், பூங்காவனத்தில் அவரைத் திகிலும் துயரும் ஆட்கொண்டன என மாற்கு எழுதுகிறார். அவருடைய வியர்வை இரத்தத் துளிகள் போல் நிலத்தில் விழுந்தது என்கிறார் லூக்காஸ். செபமாலையின் துயரத் தேவ இரகசியங்களுள் முதலாவதாக நாம் தியானிப்பது கடவுளின் திருமகன் சாவின் முன் நடுங்கிய அந்த வேளையைத்தான். அவரே நடுங்கினார் என்றால், நாம் நடுங்குவது எங்ஙனம் குற்றமாகும்?

அவ்வேளையில் அவர் தம் சீடரிடம் கேட்டது என்ன? வாளைக் கேட்கவில்லை, தப்பியோட வழி கேட்கவில்லை. தம்மோடு விழித்திருக்குமாறு மட்டுமே கேட்டார். அந்தோ! இராயப்பரும் யாகப்பரும் அருளப்பரும் உறங்கிவிட்டனர். சாவை எதிர்நோக்கும் ஒருவருக்கு முதலில் வேண்டுவது துணை என்பதை ஆண்டவரே நமக்குக் கற்பித்துவிட்டார்.

அச்சம் இயல்பானதே, அதற்கு அடிமையாகிவிடுவதுதான் கேடு. எபிரேயருக்கு எழுதப்பட்ட திருமுகம், சாவைப் பற்றிய அச்சத்தால் வாழ்நாளெல்லாம் அடிமைப்பட்டிருந்தோரை விடுவிக்கவே கிறிஸ்து நம்மைப் போல் ஊனும் உதிரமும் ஏற்றார் என்று விளக்குகிறது. அடிமைத்தனம் எத்தகையது என்பதை நம் வீடுகளிலேயே காணலாம். நோய் முற்றும்வரை மருத்துவரிடம் செல்லாதிருப்பது, சாவைப் பற்றிய பேச்சே அபசகுனம் என்று சொத்து விவரத்தை எழுதி வைக்காதிருப்பது, குறி கேட்கவும் மந்திரித்துக் கயிறு கட்டவும் ஓடுவது, சமாதானம் செய்துகொள்ள வேண்டியவரிடம் நாளைக்குப் பேசலாம் என்று ஒத்திப்போடுவது: இவை யாவும் அவ்வடிமைத்தனத்தின் அடையாளங்களே.

எதற்கு அஞ்சுகிறோம்?

மரண அச்சம் என்று பொதுவாகச் சொல்கிறோம். அதைப் பிரித்துப் பார்த்தால் அதனுள் நான்கு அச்சங்கள் மறைந்திருப்பதைக் காணலாம்.

முதலாவது, வலி பற்றிய அச்சம். வலியைத் தணிக்க முயல்வது விசுவாசக் குறைவு என்று எண்ணுவோர் இன்றும் உளர். அவ்வெண்ணம் திருச்சபையின் போதனையன்று. கடும் வலியைத் தணிக்க மயக்க மருந்துகளைப் பயன்படுத்தலாம் என்று 1957-ஆம் ஆண்டிலேயே பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் மருத்துவர்களுக்கு விளக்கினார். உயிரைப் போக்கும் நோக்கம் இல்லாதபோது, அம்மருந்தால் ஆயுள் சற்றுக் குறைய நேரிடினும் அது ஆகும் என்றார். சிசிலி சாண்டர்ஸ் என்னும் கிறிஸ்தவ மருத்துவப் பெண்மணி 1967-இல் இலண்டனில் புனித கிறிஸ்டோபர் இல்லத்தை நிறுவி, குணப்படுத்த இயலாத நோயாளியையும் வலியின்றியும் மதிப்போடும் பராமரிக்க இயலும் என்று உலகுக்குக் காட்டினார். இன்று வலி தணிப்புச் சிகிச்சை நம் நாட்டிலும் பல இடங்களில் கிடைக்கிறது. அதைத் தேடிப் பெறுவது நோயாளிக்கு நாம் செய்யும் பிறரன்புக் கடமை.

இரண்டாவது, பிரிவு பற்றிய அச்சம். மணமாகாத மகள், தீராத கடன், பள்ளி செல்லும் பேரப்பிள்ளை ஆகியோரின் நினைவே பலரைச் சாவைவிட அதிகமாக வாட்டுகிறது. இதற்கு மருந்து வெறும் ஆறுதல் மொழியன்று. மனம் விட்டுப் பேசி, பொறுப்புகளை ஒருவரிடம் ஒப்படைத்து, வேண்டிய ஆவணங்களை எழுதி முடித்தல் வேண்டும். ஆண்டவர் சிலுவையில் தொங்கிய வேளையிலும் தம் தாயை அன்புச் சீடரிடம் ஒப்படைத்தார் அல்லவா? குடும்பப் பொறுப்பை ஒழுங்கு செய்வதும் நன்மரண ஆயத்தமே.

மூன்றாவது, தீர்ப்பு பற்றிய அச்சம். பழைய பாவங்கள் படுக்கையில் எழுந்து நிற்கின்றன. கடவுளுக்கு அஞ்சுவது நன்று. ஆனால் நம்மைத் தீர்ப்பிட வருபவர் யார் என்பதை மறக்கலாகாது. நமக்காகச் சிலுவையில் அறையுண்டவரே அந்நடுவர். வாழ்நாளெல்லாம் கள்வனாய் வாழ்ந்து, ஒரேயொரு விண்ணப்பம் செய்தவனுக்கு அன்றே விண்ணக வீட்டை வாக்களித்தவர் அவர். ஊதாரி மைந்தனைத் தொலைவிலேயே கண்டு ஓடிவரும் தந்தையின் உவமையைச் சொன்னவரும் அவரே. நல்ல பாவசங்கீர்த்தனம் இவ்வச்சத்தின் வேரை அறுத்துவிடும்.

நான்காவது அச்சம், எல்லாம் அத்துடன் முடிந்துவிடுமோ என்பது. இதைப் பலர் வெளியே சொல்வதில்லை. ஞாயிறு தவறாமல் திருப்பலி கண்டவர்க்கும் நள்ளிரவில் இவ்வையம் எழலாம். நம் விசுவாசம் கட்டுக்கதையின் மீது எழுப்பப்பட்டதன்று. ஆண்டவரின் சாவுக்குப் பின் ஏறக்குறைய இருபத்தைந்து ஆண்டுகளுக்குள்ளேயே புனித சின்னப்பர் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தில், உயிர்த்த இயேசுவைக் கண்டவர்களை வரிசைப்படுத்துகிறார். ஐந்நூறு பேருக்கு மேற்பட்டோர் ஒரே வேளையில் கண்டனர் என்றும், அவருள் பெரும்பாலோர் இன்னும் உயிரோடு இருக்கின்றனர் என்றும் எழுதுகிறார். வேண்டுமானால் அவர்களிடமே கேட்டறியலாம் என்பது போன்ற துணிவு அதில் தொனிக்கிறது. சாவுக்கு அஞ்சிக் கதவைத் தாழிட்டு ஒளிந்திருந்த சீடர்கள், பின்னர் அதே சாவை மகிழ்வோடு ஏற்கத் துணிந்ததும் அந்த உயிர்ப்புக்குச் சான்று.

ஆகவேதான் திருச்சபை சாவை உறக்கம் என்று அழைத்தது. கல்லறைத் தோட்டத்தைக் குறிக்க முதல் கிறிஸ்தவர் பயன்படுத்திய கிரேக்கச் சொல்லுக்கு 'உறங்கும் இடம்' என்பதே பொருள். நம் செந்தமிழிலும் 'துஞ்சுதல்' என்ற ஒரே சொல் உறங்குவதையும் இறப்பதையும் குறிக்கும். வள்ளுவரும் சாவை உறக்கத்திற்கு ஒப்பிட்டார். கிறிஸ்தவருக்கு இது உவமை மட்டுமன்று. எழுப்புபவர் ஒருவர் உண்டு என்ற உறுதியும் அதனுள் அடங்கியிருக்கிறது. புனிதர் பலருடைய திருநாளை அவர்கள் இறந்த நாளில் கொண்டாடி, அதையே அவர்களுடைய விண்ணகப் பிறந்த நாள் என்று திருச்சபை அழைப்பதும் இதனாலேயே.

இரண்டு சாட்சிகள்

நம் தமிழ் மண்ணில் சாவை நேருக்கு நேர் கண்டவர் புனித தேவசகாயம். நட்டாலத்தில் 1712-இல் பிறந்து திருவிதாங்கூர் அரண்மனையில் பணியாற்றிய நீலகண்ட பிள்ளை, குடும்பத்தில் நேர்ந்த இழப்புகளால் மனம் உடைந்திருந்தபோது, டிலனாய் என்னும் படைத் தலைவர் அவருக்கு யோபுவின் வரலாற்றை எடுத்துரைத்தார். துன்பத்திலும் கைவிடாத கடவுளை அறிந்த அவர் 1745-இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றார். அவருக்கு இடப்பட்ட பெயர் இலாசர். அதன் தமிழ் வடிவமே தேவசகாயம். கல்லறையிலிருந்து ஆண்டவர் எழுப்பிய நண்பரின் பெயர் அது.

1749-இல் அவர் சிறைப்படுத்தப்பட்டார். ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் வதைகளைத் தாங்கினார். சாவு ஒரு நொடியில் வந்திருந்தால் அஞ்சுவதற்கும் நேரம் இராது; அவருக்கோ ஒவ்வொரு நாளும் அஞ்சுவதற்கு நேரமிருந்தது. அந்த நேரத்தையெல்லாம் அவர் செபத்திற்குத் திருப்பினார். 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15 அன்று திருச்சபை அவரைப் புனிதர் என அறிவித்தது. அவர் துறவியல்லர், குருவானவரும் அல்லர். நம்மைப் போல் குடும்பத்தில் வாழ்ந்தவர். தேவ சகாயம் தம்மோடு உண்டு என்பதைப் பெயரிலும் உயிரிலும் தாங்கிச் சென்றார்.

மற்றொரு சாட்சி சிறுமலர் தெரேசம்மாள். எலும்புருக்கி நோயால் 1897 செப்டம்பர் 30 அன்று தம் 24-ஆம் வயதில் பிரான்சு நாட்டின் லிசியே கார்மேல் மடத்தில் இறந்தார். புன்னகை பூத்த அப்புனிதையைப் படங்களில் காணும் நமக்கு, அவரது இறுதிக் காலத்தின் இருள் தெரிவதில்லை. 1896-ஆம் ஆண்டு உயிர்ப்புத் திருநாள் காலத்தில் தொடங்கி, விண்ணகமே இல்லையோ என்ற ஐயம் அவரை ஓயாது வாட்டிற்று. அவர் என்ன செய்தார்? விசுவாசப் பிரமாணத்தைத் தம் இரத்தத்தால் எழுதி நெஞ்சோடு வைத்துக்கொண்டார். ஒளி தெரியாதபோதும் ஆண்டவரின் கையை விடவில்லை. அச்சமும் ஐயமும் ஒருவருடைய விசுவாசத்தை அழித்துவிடா என்பதற்கு இவரைவிடச் சிறந்த சான்று வேண்டுமோ?

பூசுதல் என்றால் ஏன் நடுக்கம்?

சாவின் வழியில் துணை வேண்டும் என்று ஆண்டவர் கேட்டதை முன்னர்க் கண்டோம். அத்துணையைத் தம் மக்களுக்கு அவரே அருட்சாதனமாக ஏற்படுத்தி வைத்திருக்கிறார். நோயுற்றவர் திருச்சபையின் மூப்பரை அழைக்கட்டும், அவர்கள் எண்ணெய் பூசிச் செபிக்கட்டும் என்று யாகப்பர் திருமுகம் பணிக்கிறது.

நம் முன்னோர் இதற்கு இட்ட பெயர் 'அவஸ்தைப்பூசுதல்'. மரண அவஸ்தையில் மட்டுமே தரப்படுவது என்ற எண்ணம் அப்பெயராலேயே வேரூன்றிவிட்டது. குருவானவர் எண்ணெய்ச் சிமிழுடன் தெருவில் நடந்தால், அடுத்து துக்க மணிதான் என்று அக்கம் பக்கத்தார் முடிவுகட்டினர். இன்றும் இந்நடுக்கம் நீங்கியபாடில்லை.

1963-ஆம் ஆண்டு இரண்டாம் வத்திக்கான் சங்கம், இது சாகும் தறுவாயில் இருப்போர்க்கு மட்டும் உரிய அருட்சாதனம் அன்று எனத் தெளிவுபடுத்தி, நோயிற்பூசுதல் என்பதே பொருத்தமான பெயர் என்றது. 1972-இல் பாப்பரசர் ஆறாம் சின்னப்பர் இதன் சடங்கு முறையைப் புதுப்பித்தார். நெற்றியிலும் கைகளிலும் எண்ணெய் பூசி, நோயாளியை ஆண்டவர் தேற்றித் தூக்கி நிறுத்துமாறு குரு செபிக்கிறார். நோயாலோ முதுமையாலோ உயிருக்கு ஆபத்து தொடங்கும்போதே இதைப் பெறலாம். கடும் நோய்க்கான அறுவை சிகிச்சைக்கு முன் பெறலாம். வேறு நோயின்றியே தளர்ந்துபோன முதியோரும் பெறலாம். குணமடைந்து மீண்டும் நோயுற்றாலும், அதே நோய் முற்றினாலும் திரும்பவும் பெறலாம்.

உண்மையில் இறுதியாகத் தரப்படுவது திவ்விய நற்கருணை. அதை 'வழியுணவு' என்கிறோம். நெடுவழி செல்பவர்க்குக் கட்டுச்சோறு கொடுத்தனுப்புவது நம் தாய்மாரின் வழக்கம். திருச்சபைத் தாயும் தன் பிள்ளையை வெறுங்கையோடு அனுப்புவதில்லை. வழித்துணையாக ஆண்டவரையே அனுப்புகிறாள். நினைவு தப்பி, விழுங்கவும் இயலாத நிலையில் நம்மை அழைத்தால், இவ்வுணவை எங்ஙனம் கொடுப்பது?

இரு வீடுகள்

நாம் பணியாற்றிய ஊர்களில் கண்ட இரு வீடுகளை இங்கே நினைவுகூர்வோம்.

முதல் வீட்டில் ஒரு பெரியவர். வரப்புத் தகராறால் தம் தம்பியோடு பல ஆண்டுகள் பேசாதிருந்தவர். நோய் முற்றியும், மருத்துவர் கைவிரித்தும், மக்கள் அவரிடம் சொல்லவில்லை. கேட்டபோதெல்லாம் அடுத்த வாரம் எழுந்து நடப்பீர்கள் என்றனர். நமக்கு ஆள் வந்தபோது அவருக்குப் பேச்சு நின்றுவிட்டிருந்தது. பூசுதல் கொடுத்தோம். அவர் கை அடிக்கடி உயர்ந்து வாசற்பக்கம் நீண்டது. யாரையோ தேடுகிறார் என்று மட்டும் தெரிந்தது. அன்றிரவே காலமானார். அடக்கத்தின்போது அவருடைய தம்பி கல்லறைத் தோட்டத்தின் மதிலோரம் ஒதுங்கி நின்று, எல்லோரும் சென்றபின் தனியாக வந்து ஒரு பிடி மண் இட்டார். இறைவன் இருவரையும் அறிவார். அவருடைய இரக்கத்திற்கு எல்லையில்லை. ஆயினும் அண்ணனும் தம்பியும் கைகோத்து விடைபெறும் பேற்றினை அந்த வீடு இழந்துவிட்டது.

இரண்டாவது வீட்டில் ஒரு மூதாட்டி. புற்றுநோய் என்று தெரிந்ததும் மூத்த மகளே அருகில் அமர்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, இது பெரிய நோய். நாங்கள் உங்களை விட்டு எங்கும் போகமாட்டோம்" என்று சொல்லிவிட்டார். இருவரும் அழுதனர். அழுது முடித்ததும் மூதாட்டி குருவானவரை அழைக்கச் சொன்னார். பாவசங்கீர்த்தனத்திற்குப் பின், பேரப்பிள்ளைகள் உட்பட எல்லோரும் சுற்றி நிற்கப் பூசுதலும் நற்கருணையும் பெற்றார். அதன்பின் மூன்று மாதம் இருந்தார். தம் காதுக் கம்மலைப் பேத்திக்குக் கொடுத்தார். தம் அடக்கத்திற்குக் கடன் வாங்கக்கூடாது என்று மகனிடம் உறுதி வாங்கினார். ஒருநாள் எல்லோர் முன்னிலையிலும், "பயமாகத்தான் இருக்கிறது சாமி. ஆனால் தனியாக இல்லையே" என்றார். மரண அச்சத்தைக் கிறிஸ்தவன் வெல்வது எவ்வாறு என்று நாம் நீண்ட மறையுரையில் சொல்ல முயல்வதை அம்மூதாட்டி இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிட்டார்.

குடும்பங்கள் செய்யக்கூடியவை

நோயாளியிடம் பொய் சொல்ல வேண்டாம். எல்லாவற்றையும் ஒரே நாளில் கொட்டிவிடவும் வேண்டாம். அவர் கேட்கும் அளவுக்கு, தாங்கும் அளவுக்கு, கையைப் பிடித்துக்கொண்டு உண்மையைச் சொல்லலாம். அவர் சாவைப் பற்றிப் பேசத் தொடங்கினால், "அதெல்லாம் பேசாதீர்கள்" என்று வாயை அடைக்காமல் பொறுமையோடு கேட்கலாம்.

பிள்ளைகளைக் கட்டிலருகிலிருந்து விரட்ட வேண்டாம். தாத்தாவின் கரத்தால் நெற்றியில் சிலுவை அடையாளம் பெற்ற பிள்ளை, பிற்காலத்தில் தன் சாவின் முன்னும் அதை நினைக்கும்.

நோயின் தொடக்கத்திலேயே பங்குக் குருவுக்குத் தெரிவியுங்கள். அன்பியத்தாரும், மரியாயின் சேனையினரும், வின்சென்ட் தே பவுல் சபையினரும் முறைவைத்துச் சந்தித்து ஒரு மணி நேரமேனும் உடனிருக்கலாம். 2020, 2021-ஆம் ஆண்டுகளின் கொள்ளைநோயில், உற்றார் முகம் காணாமல் மருத்துவமனைகளில் பலர் தனியே கண்மூடினர். அத்துயரைக் கண்ட நாம், உடனிருக்கும் வாய்ப்பு உள்ளபோது அதைத் தவறவிடலாமா?

வீட்டில் செபமாலை நிற்க வேண்டாம். 53 மணிச் செபமாலையில் 53 முறை நம் மரண வேளைக்காகத் தேவதாயின் மன்றாட்டைக் கேட்கிறோம். நாள்தோறும் கேட்கும் பிள்ளையைத் தாய் அவ்வேளையில் மறப்பாளோ? இயேசுவும் மரியன்னையும் அருகிருக்க உயிர்நீத்தவர் என்று மரபு போற்றும் சூசையப்பர் நன்மரணத்தின் பாதுகாவலர். எனவேதான் நம் பாட்டிமார், உயிர் பிரியும் வேளையில் இயேசு, மரி, சூசை என்னும் மூன்று திருப்பெயர்களையும் நோயாளியின் காதில் ஓதினர். இவ்வழக்கம் மறைந்துவிடாமல் காப்போம்.

மரித்தோரை நினைப்பதும் சாவுக்கு அஞ்சாமலிருக்கும் பயிற்சியே. நவம்பர் 2 அன்று கல்லறைகளைத் துப்புரவாக்கிப் பூவிட்டு மெழுகுவர்த்தி ஏற்றுகிறோம். அங்கே உறங்குவோர்க்காக நாம் செபிக்கிறோம். நாளை நமக்காகச் செபிக்கப் பிறர் இருப்பர். புனிதர்களின் ஐக்கியத்தை விசுவசிக்கிறோம் என்று நாம் அறிக்கையிடுவதன் பொருள் இதுவே. இந்த ஐக்கியத்தைச் சாவும் அறுத்துவிட இயலாது.

ஒவ்வோர் இரவும்

குருக்களும் துறவியரும் ஒவ்வோர் இரவும் உறங்கும் முன் சிமெயோன் என்னும் முதியவரின் நன்றிப் பாடலைச் செபிக்கின்றனர். மீட்பரைக் கண்ணாரக் கண்டு, குழந்தையைக் கையில் ஏந்தியபின் அமைதியோடு விடைபெற அவர் ஆயத்தமானார். படுக்கைக்குச் செல்லும் ஒவ்வொரு முறையும் அவரோடு சேர்ந்து நாமும் விடைபெறப் பழகுகிறோம். நாள் முழுதும் சுமந்ததை இறைவன் கையில் வைத்துவிட்டுக் கண்மூடுகிறோம்.

இல்லறத்தாரும் இப்பயிற்சியை மேற்கொள்ளலாம். இன்றிரவு குடும்ப செபத்தின் முடிவில், பகைத்தவரை மன்னித்து, உறங்குமுன் ஒருவருக்கொருவர் நெற்றியில் சிலுவை அடையாளம் இட்டுக்கொள்ளுங்கள். உங்கள் இல்லத்தில் நோயாளி இருந்தால், அவர் கட்டிலருகே நாற்காலியை இழுத்துப்போட்டு அமருங்கள். பேச்சு வராவிட்டாலும் கையைப் பற்றிக்கொள்ளுங்கள். பூங்காவனத்தில் ஆண்டவர் கேட்ட அந்த ஒரு மணி நேரத் துணையை, நோயுற்ற அச்சகோதரரில் அவருக்கே அளிக்கிறீர்கள். அவர் உங்கள் மரண வேளையில் உங்களைத் தனியே விடமாட்டார்.